நுஸ்லா கொடுத்த யூனிட்

நாவுலயில் நுஸ்லாவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அவளுக்கு வைத்திருந்த பட்டம் ஒன்றே ஒன்று: பாவம். மீன் கடையில் நின்றால், "பாவம் புள்ள, முந்தி குடுத்து அனுப்புங்க." பஸ்ஸில் ஏறினால், "பாவம் புள்ள, ஒக்கார வைங்க." கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹனில் அவள் பக்கம் மட்டும் ஒரு கோழித் துண்டு கூடுதலாக விழும். அதை அவள் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. கோழி வேறு, பாவம் வேறு. ஆனால் மென்று விழுங்கிய பிறகு கோபம் வரும். வளர்ந்த பெண்ணை, சொந்தத் தொழில் செய்து சம்பாதிப்பவளை, மழையில் நனைந்த பூனைக்குட்டியைப் பார்ப்பதுபோல் ஊரே பார்த்தால் வராதா?

அவளுக்குத் தலசீமியா. உடம்பு நல்ல இரத்தத்தைத் தானே ஆக்கிக்கொள்ளாத பிறவி நோய். நடக்கப் பழகுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மாதம் தவறாமல் மாத்தளை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, யாருடையதோ இரத்தத்தை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். இரத்தப் பையில் வகை எழுதியிருக்கும், இலக்கம் எழுதியிருக்கும், பெயர் இருக்காது. சிறு வயதில் அவளே பெயர் வைத்துக்கொள்வாள். இது தம்புள்ளச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். இது பௌர்ணமிப் போயாவுக்குப் பன்சலை விகாரையில் கொடுத்த டீச்சர். இது லக்கலையில் யானைக்காக இரவெல்லாம் காவல் இருக்கிற விவசாயி. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுப்பாள், பிள்ளைகுட்டிகளைக் கொடுப்பாள். வேறு எதையும் கொடுக்க அவளிடம் இருக்கவில்லை.

அவளுடைய நானா றிகாஸ் நல்லவன். தங்கச்சிக்கு இரத்தம் கொடுத்த ஊருக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டும் என்று, பள்ளிவாசல் மதரஸா மண்டபத்தில் வருடந்தோறும் இரத்ததான முகாம் ஒன்றைத் தொடங்கினான். இரண்டாவது வருடம் நுஸ்லாவும் போய் வரிசையில் நின்றாள். தன்னால் கொடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை. மாத்தளையிலிருந்து வந்திருந்த தாதி சந்திரகாந்தா மிஸ் அவளை வார்ட்டிலிருந்தே அறிந்தவர். "ஐயோ மகளே, உங்களுக்குத்தானே நாங்க இத சேக்கிறது" என்று கன்னத்தைத் தட்டினார். வரிசை முழுவதும் சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். அன்பில்லாமல் சிரித்திருந்தால் நுஸ்லா திருப்பிப் பேசியிருப்பாள்.

முகாம் முடிவில் மௌலவி துஆ ஓதுவார். அதில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி கொடுத்தவர்களுக்கு: கையில் பிளாஸ்டர் ஒட்டியவர்கள் எல்லாரும் முன்வரிசைக் கதிரைகளில் அமர, அவர்களுடைய நன்மையை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்பார். இரண்டாம் பாதி நோயாளிகளுக்கு: அவர்களுக்கு ஷிஃபாவை, சுகத்தைக் கொடு என்று கேட்பார். அந்த இரண்டாம் பாதி தொடங்கியதும் பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் பின்னால் திரும்பும். பின்வரிசையில் உம்மா ஆஸியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நுஸ்லாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமீன்" என்று நீட்டிச் சொல்வார்கள். ஒரே ஒரு தரம் முதல் பாதியில் தனக்கும் இடம் வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் பாவம் என்பார்கள்.

நுஸ்லா கல்யாணக் கார்டும் கடைப் பலகையும் கணினியில் வரைந்து கொடுப்பவள். கண்டியில் விளையாட்டுப் பைத்தியம் பிடித்த பையன் ஒருவன் கட்டாருக்குப் போகும்போது விற்ற பெரிய கணினியை வாங்கி வைத்திருந்தாள். வலுவான இயந்திரம். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் வேறு. அவற்றை அணைக்கும் வழி தெரியாமல் மேலே ஒரு துவாயைத் தொங்கவிட்டிருந்தாள். அந்தக் கணினியை வைத்துக்கொண்டுதான் ஒருநாள் எதையோ தேடப்போய் வேறொன்றைக் கண்டாள். மருந்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கணக்குப் போட்டு முடியவில்லையாம். ஒரு புரதம் எப்படி மடிகிறது, எந்த மருந்து அதில் எங்கே போய் ஒட்டும் என்று பார்க்க அவர்களிடம் இருக்கும் இயந்திரங்கள் போதாதாம். அதனால் கணக்கைத் துண்டு துண்டாக்கி, வீட்டில் சும்மா இருக்கும் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். விரும்பியவர் ஒரு மென்பொருளை இறக்கி வைத்தால், நாம் வேலை செய்யாத நேரத்தில் கணினி அந்தத் துண்டைச் செய்து திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. யூனிட்.

அந்தச் சொல்லை வாசித்ததும் நுஸ்லா கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். வார்ட்டில் அவள் காதில் விழுந்து பழகிய சொல். "நுஸ்லாவுக்கு இன்னைக்கு ரெண்டு யூனிட்" என்று மிஸ்மார் சொல்லிச் சொல்லி, தன் பெயருக்கு அடுத்தபடியாக அவளுக்குத் தெரிந்த சொல் அது. இப்போது அதே சொல் தலைகீழாக வந்து நிற்கிறது. யூனிட் வாங்க அல்ல, கொடுக்க.

எந்த நோய்க்கு என்று தெரிவு செய்யச் சொன்னது. தலசீமியா அதில் இல்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் இருந்தது. அதை அழுத்தினாள்.

அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போது கணினி வேலை செய்தது, தொழும்போது வேலை செய்தது. கூடுதலாகும் கரண்டுக்குத் தன் உழைப்பிலிருந்தே கொடுத்தாள். எல்லாவற்றிலும் இனித்தது ஆஸ்பத்திரி நாள்தான். மாத்தளையில் அவள் கையில் ஊசியோடு படுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது, நாவுலயில் துவாய்க்குள் இருந்து அது கொடுத்துக்கொண்டிருக்கும். போனில் பார்த்துச் சிரிப்பாள். அடுத்த கட்டிலில் படுக்கிற விதுஷா எட்டிப் பார்ப்பாள். மாத்தளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்து வருகிறவள், இவளைப்போலவே தலசீமியாக்காரி, வாய் மட்டும் நல்ல ஆரோக்கியம்.

"என்னக்கா, படுத்துக்கிட்டே தருமம் பண்றீங்களா?"

"நீயும் பண்ணு. ஒனக்கு கெம்பஸுக்கு எடுத்த லெப்டொப் ஈக்குதே."

"அது கெழட்டு மாடுக்கா. ஏறுமா தெரியல."

ஏறியது. மெதுவாக ஏறியது. இருவரும் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். குழுவுக்குப் பெயர் கேட்டபோது விதுஷா "மாத்தளை மின்னல்" என்றாள். நுஸ்லா கேட்கவில்லை. "வாங்குறவங்க" என்று வைத்தாள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களின் பெயர்களுக்கு நடுவில், தமிழ் எழுத்தில், வாங்குறவங்க கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வினை பஸ்ஸில் வந்தது. முகாமுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி முடிந்து வருகிறாள். நாலந்தா தாண்டியதும் விதுஷா போன் எடுத்தாள். பஸ் இரைச்சலில் நுஸ்லா சத்தமாகவே பேசினாள்.

"ஓம் விது, எனக்கு ரெண்டு யூனிட்தான் ஏத்தினாங்க. ஆனா நான் காலையில ஈந்து மூணு யூனிட் குடுத்திட்டேன். களைப்பா? எனக்கென்ன களைப்பு. கேம்ப்புக்கு முந்தி இன்னும் குடுப்பேன். நானாக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா குதிப்பாரு."

பின் சீட்டில் நூருன்னிஸா மாமி இருந்தார். ஊர்ச் செய்தியை ஊர் அறியுமுன் அறிகிறவர். காதில் விழுந்தது இது. கண்ணில் விழுந்தது நுஸ்லாவின் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டர். இரண்டையும் கூட்டிக் கணக்கை முடித்துக்கொண்டு மாமி நாவுலயில் இறங்கினார். நுஸ்லா வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றுவதற்குள், அவள் களவாக இரத்தம் கொடுக்கிறாள் என்று ஒரு தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தெருவுக்குப் போகும்போது விற்கிறாள் என்றாயிற்று. இஷாத் தொழுகைக்குப் பிறகு, அந்த நோய்க்கார இரத்தம் பள்ளிவாசல் முகாமில் கலக்கப்போகிறது, நாங்கள் கொடுக்கவும் மாட்டோம், எங்கள் ஆட்களுக்கு வாங்கவும் மாட்டோம் என்று றிகாஸின் போனுக்கு அழைப்பு வரத் தொடங்கியது. தலசீமியா ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல, நோயாளியிடம் யாரும் இரத்தம் எடுப்பதுமில்லை. ஆனால் வதந்திக்கு வைத்தியம் படிக்கும் வழக்கம் எந்த ஊரில் இருந்தது?

மறுநாள் றிகாஸ் பள்ளிவாசல் தலைவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரை அழைத்துக்கொண்டு வந்தான். ஹாஜியார் இரும்புச் சாமான் கடைக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். உம்மா பிளேன்டீ வைத்தார். ஹாஜியார் ஒரு மிடறு குடித்துவிட்டு நேரே கேட்டார்.

"மகள், நீங்க யாருக்கு யூனிட் குடுத்தீங்க?"

நுஸ்லாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு விளங்கியதும் சிரிப்பை விழுங்கிவிட்டு, மூலையில் துவாயைத் தூக்கிக் காட்டினாள். விளக்குகள் பளிச்சென்றன. ஹாஜியார் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"ஹாஜியார், கல்யாண வீட்டுல ஒரு மூட்ட வெங்காயம் வந்து எறங்கினா ஒருத்தியே உரிக்கிறதா? ஆளுக்கு ஒரு சுளகுல அள்ளிட்டு போய் உரிச்சு கொண்டு வந்து குடுக்கிறாங்கதானே. இவங்களுக்கு மலை மாதிரி கணக்கு ஈக்குது. அத சுளகு சுளகா பிரிச்சு ஒலகம் முழுக்க அனுப்புறாங்க. எண்ட கொம்பியூட்டர் சும்மா ஈக்கிற நேரம் ஒரு சுளகு உரிக்குது. அந்த ஒரு சுளகுக்கு அவங்க வச்ச பேரு யூனிட்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். அவருக்கு விளங்கிவிட்டது, அதுதான் இதில் கொடுமை. விளங்காமல் பேசியிருந்தால் நுஸ்லா மன்னித்திருப்பாள்.

"நல்ல வேலதான் மகள். ஆனா ஞாயித்துக்கிழம கேம்ப். சனத்துக்கு சுளகும் வெங்காயமும் வெளங்கப்படுத்த இப்ப ஏலாது. வெள்ளிக்கிழம ஜும்ஆக்கு பிறகு நான் ஒரு வார்த்த செல்றேன், எல்லாம் அடங்கிடும். நீங்க இத கொஞ்ச நாளைக்கு மூடி வைங்க."

"நான் எனத்துக்கு மூடணும்? நான் பொய் செல்லல்லயே."

"பொய் எண்டு யாரு சென்ன? ஊர் வாய மூடத்தான்."

"ஊர் வாயத் தொறந்தவங்க மூடட்டும்."

உம்மா அவள் தோளை அழுத்தினார். ஹாஜியார் கோபிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசல் தாண்டியதும் றிகாஸ் மூலைக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினான். கணினிக்குள் விசிறி நின்றது. அந்த அமைதி நுஸ்லாவுக்கு நெஞ்சில் அடித்தது. போய் மறுபடி செருகினாள். அவன் மறுபடி பிடுங்கினான். அவள் மறுபடி செருகினாள்.

"ஒனக்கு பைத்தியமா? ஒண்ட நோய்க்கும் இல்ல இந்த ஆராய்ச்சி. யாரோ எவரோட புள்ளைகளோ."

"எனக்கு ரத்தம் குடுத்தவங்களுக்கும் எண்ட நோய் ஈக்கல்ல நானா. நானும் அவங்களுக்கு யாரோ எவரோதான்."

றிகாஸ் பிளக்கை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்.

"முடிஞ்சிட்டு. ஹாஜியார் அழகா செல்லிட்டாங்க. 'பாவம், நோயாளிப் புள்ள, வெளங்காம ஏதோ பேசிட்டா, யாரும் பெருசா எடுக்க வேணாம்' எண்டு சென்னாங்க. எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க. கேம்ப்புக்கு இனி பயமில்ல."

நுஸ்லா சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். களவாக இரத்தம் விற்றவள் என்ற பேச்சு அவளை இவ்வளவு சுடவில்லை. விற்கிறவளுக்காவது புத்தி இருக்கும். விளங்காமல் பேசியவளுக்கு அதுவும் இல்லை. அவள் செய்த ஒரே ஒரு கொடுப்பை ஊர் கூடி, அன்பாக, உச்சுக்கொட்டி, அவள் கையிலிருந்து பறித்துவிட்டது.

"நானா, நான் எனத்த வெளங்காம பேசினேன்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு நுஸ்லா."

"ஒரு பேச்சுக்கு எண்டா, வெளங்காம கேட்டது நூருன்னிஸா மாமி எண்டு செல்ல வேண்டியதுதானே. அத செல்ல மாட்டாங்க. அவங்க பாவம் இல்ல, அவங்களுக்கு கோவம் வரும். எனக்கு கோவம் வராது எண்டுதானே எல்லாரும் நெனைக்கிறீங்க."

"ஒனக்காகத்தான் புள்ள நான் இந்தக் கேம்ப்பையே வச்ச."

அவள் எழுந்து நின்றாள்.

"ஓம். தங்கச்சிக்காக கேம்ப் வைக்கிற றிகாஸ். ஊர்ல ஒங்களுக்கு அதுதான் பேரு. ஒங்கட நன்மைக்கு எண்ட நோய் வேணும். எண்ட நன்மைக்கு மட்டும் நீங்க குறுக்க நிக்கிறீங்க. வாங்குறதுக்கு மட்டுமா நான் பொறந்த?"

உம்மா சமையலறை வாசலில் அகப்பையோடு நின்றுவிட்டார். றிகாஸின் முகம் அறை வாங்கியதுபோல் ஆயிற்று. நுஸ்லாவுக்கு அதைப் பார்க்க வலித்தது. ஆனாலும் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கவில்லை. எல்லாம் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை றிகாஸ் விடிந்ததும் மண்டபத்துக்குப் போய்விட்டான். நுஸ்லா கணினியைப் போர்வையில் சுற்றினாள், திரையைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்தாள், த்ரீவீல் ஒன்றை வாசலுக்கு அழைத்தாள். உம்மா பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கப்போகிறார் என்று நுஸ்லா வாயில் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"கீபோர்ட வுட்டுட்டு போறியே" என்று உம்மா அதை எடுத்துக்கொண்டு தானும் ஏறிக்கொண்டார்.

மண்டபத்து வாசலில் விதுஷா காத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்து இறங்கி, மாத்தளை வந்து, பஸ் மாறி வந்தவள். நெற்றியில் பொட்டு, தோளில் லெப்டொப் பை, முகத்தில் சண்டைக்கு வந்த களை. "அக்கா, எங்க போடணும் மேசைய?" என்றாள்.

பெண்கள் பக்கத்தில் பின்சுவரோரம் பிளக் இருந்தது. அதன் அருகே மேசையைப் போட்டார்கள். துவாய் இல்லை, விளக்குகள் மறைவில்லாமல் எரிந்தன. கல்யாணக் கார்டுக்கு எழுதுகிற அதே அழகான எழுத்தில் நுஸ்லா அச்சடித்துக் கொண்டுவந்த தாளை விதுஷா மேசை முகப்பில் ஒட்டினாள்: "இங்கே இரத்தம் எடுக்கப்படாது. உங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கிறதா? நாங்கள் வாங்குகிறவர்கள். கொடுப்பது எப்படி என்று சொல்லித் தருவோம்."

கூட்டம் முதலில் விலகிப் போயிற்று. பிறகு விளக்கைப் பார்க்கப் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நுஸ்லா வெங்காயக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நன்றாக வந்தது. மாத்தளையில் படிக்கிற நஸ்மியா என்ற பெண் தன் போனில் குறித்துக்கொண்டு, வீட்டுக் கணினியில் இன்றே போடுவேன் என்றாள். சந்திரகாந்தா மிஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து தாளைப் படித்தார்.

"அப்ப நீங்க வெளையாட்டுக்கு வந்து நிக்கல்லியே மகளே" என்றார். "அண்டைக்கு குடுக்கணும் எண்டுதானே வந்தீங்க."

"ஓம் மிஸ். எல்லாரும் சிரிச்சீங்க."

மிஸ் சிரிக்கவில்லை. "ஓவ்" என்று சிங்களத்தில் ஆமோதித்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பகல் சாய, கடைசி ஆட்கள் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஹாஜியார் வந்தார். தாளை ஒருமுறை படித்தார், விளக்கை ஒருமுறை பார்த்தார்.

"மகள், நான் வெள்ளிக்கிழம எல்லாத்தையும் செரியாக்கி வச்சேன்."

"நீங்க எனக்காக மாப்பு கேட்டீங்க ஹாஜியார். நான் கேக்கச் செல்லல்ல. நான் வெளங்காம பேசல்ல எண்டு ஒங்களுக்கு தெரியும். தெரிஞ்சிக்கிட்டேதான் அப்படி சென்னீங்க."

இந்த ஊரில் ஹாஜியாரோடு இப்படிப் பேசிய பெண் யாருமில்லை. ஆண்களும் அதிகமில்லை.

"பிழ நடந்திட்டு எண்டே வைங்க. இப்ப எனத்த செய்யச் செல்றீங்க?"

"ஒண்டும் செய்ய வேணாம். நான் முன்னுக்கு ஒக்காரப் போறேன். அத தடுக்காம ஈந்தா போதும்."

மௌலவி வந்துவிட்டார் என்று யாரோ கூப்பிட, ஹாஜியார் அந்தப் பக்கம் திரும்பி நடந்தார்.

முன்வரிசைக் கதிரைகள் நிறைந்துகொண்டிருந்தன. பெட்டிஸும் தேநீருமாகப் பிளாஸ்டர் ஒட்டிய கைகள். நுஸ்லா நடந்து போய்க் கடைசிக்கு முந்திய கதிரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தது நூருன்னிஸா மாமி. பயந்து பயந்து வாழ்க்கையில் முதல் தடவையாக இரத்தம் கொடுத்துவிட்டு, கையைக் கண்ணாடிச் சாமான்போல் மடியில் வைத்திருந்தார்.

"நுஸ்லா புள்ள, ஒண்ட எடம் பின்னுக்கல்லவா?"

"இல்ல மாமி. நானும் குடுத்தவதான். நீங்கதானே ஊருக்கெல்லாம் செல்லி ஈக்கிறீங்க."

மாமி வாயைத் திறந்தார், மூடினார், பெட்டிஸைக் கடித்தார்.

முன்னால் றிகாஸ் ஒலிவாங்கியை எடுத்தான். வழக்கம்போல் அன்றைக்குக் கிடைத்த மொத்த யூனிட் எவ்வளவு என்று சொன்னான். கண் முன்வரிசையில் ஓடி வந்து தங்கச்சியில் நின்றது. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. எழுந்து போ என்று சைகை காட்டினால் போகப்போவதில்லை, கெஞ்சினாலும் போகப்போவதில்லை. அவன் ஒலிவாங்கியை மௌலவியிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தான். அவன் எங்கே போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பின்சுவரில் இருப்பது பிளக் ஒன்றுதான்.

மௌலவி தொடங்கினார். யா அல்லாஹ், இன்று கொடுத்தவர்களுடைய கொடையை ஏற்றுக்கொள்வாயாக. நுஸ்லா இரண்டு கைகளையும் ஏந்தினாள். முதல் பாதியில் கை ஏந்துவது இதுவே முதல் தடவை. விரல்கள் எங்கே இருக்கவேண்டும் என்பதே மறந்ததுபோல் இருந்தது. பின்னால் வயர்களை இழுத்துச் சுருட்டும் சத்தம் கேட்டது. முகாம் முடியும்போது மண்டபத்துக் காவல்காரர் பாறூக் நானா மின்விசிறி, விளக்கு எல்லாவற்றின் வயர்களையும் கழற்றிச் சுருட்டுவார். துஆ முடியும்வரை பொறுக்கமாட்டார். சத்தம் பின்சுவரை நெருங்கியது. அவள் திரும்பவில்லை. அணைந்தால் அணையட்டும், வீட்டுக்குப் போய் மறுபடி செருகுவேன், எத்தனை தடவை பிடுங்கினாலும் அத்தனை தடவையும் செருகுவேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த வயர வுடுங்க பாறூக் நானா." றிகாஸின் குரல். துஆவுக்கு நடுவில் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மண்டபத்தில் அப்போது வேறு சத்தம் இல்லை. "தங்கச்சி இன்னும் குடுத்து முடியல்ல."

"ஆமீன்" என்றார் மௌலவி. முதல் பாதி முடிந்தது. நுஸ்லாவும் சொன்னாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. யா அல்லாஹ், நோயுற்றோருக்கு ஷிஃபாவைத் தருவாயாக. பழக்கத்தில் பெண்கள் தலைகள் பின்னால் திரும்பின. அங்கே உம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். தேடியவர்கள் முன்வரிசைக்குத் திரும்பியபோது நுஸ்லா யாரையும் பார்க்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தது தனக்கல்ல. பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் அந்த யூனிட் எங்கே போய்ச் சேருமோ, அங்கே ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கட்டிலில் தலைமுடி உதிர்ந்து படுத்திருக்கும் ஒரு குழந்தைக்கு. அதன் பெயர் அவளுக்குத் தெரியாது. தன் கையில் ஏறிய பைகளுக்கெல்லாம் வைத்ததுபோல் அதற்கும் அவளே ஒரு பெயரை வைத்து, மண்டபத்தில் யாரையும்விடச் சத்தமாக, "ஆமீன்" என்றாள்.